காவலுக்கு ஏறியவள்

என் வீட்டுக்காரருக்கு லாரி ஓட்டத் தெரியும், லாரிக்கு லோடு பிடிக்கத் தெரியும், வழுக்கையான டயரைக்கூட ஒருவர் தலையில் கட்டிவிடத் தெரியும். அடுத்தவன் செய்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மட்டும் தெரியாது. லாரி உரிமையாளர் சங்கத்தில் ஒருவர் தன் வண்டிக்குப் புதுப் பைப்பு மாட்டி, எங்கள் ஷெட்டுக்கு முன்னால் உறுமிக்கொண்டு போனாலும் போனார், இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"அவன் வண்டி என்னமா கர்ஜிச்சுட்டுப் போகுது! நம்ம வண்டி மட்டும் ஏன் சளி பிடிச்ச மாதிரி இருமிட்டுப் போகணும்?" என்றார்.

"இருமினாலும் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுக்குதில்ல? அது போதாதா?" என்றேன். யார் கேட்டது!

கம்பெனி சைலன்சர் கழன்று ஷெட்டின் மூலைக்குப் போனது. அதன் இடத்தில், என் கை முழங்கை வரை நுழைகிற அளவுக்கு வாய் அகன்ற பளபளப் பைப்பு ஒன்று வந்து உட்கார்ந்தது. "இழுவை கூடும் முதலாளி, டீசலும் மிச்சமாகும்" என்று கடைக்காரன் சத்தியம் செய்தானாம். முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் பக்கத்து வீட்டு டீச்சர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளை மேடையில் பேசுவதைக் கேட்பவர் போல நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. சொல்லி என்ன பயன் என்று உள்ளே போய்விட்டேன்.

அந்த வண்டியை ஓட்டுகிறவன் என் தம்பி. கூடப் பிறந்தவன் என்பதால் சொல்லவில்லை, அவன் ஓட்டினால் பின்னால் ஏற்றியிருக்கிற கண்ணாடிப் பெட்டிகூடத் தூங்கும். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை, அடுத்தது வயிற்றில். இவரே அவனைக் கூப்பிட்டு, "வெளியாளை நம்புறதுக்கு நம்ம வீட்டு ஆளை நம்பலாம், வா மச்சான்" என்று சாவியைக் கையில் கொடுத்தார். நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. பைப்பு வரும் வரைக்கும்.

எங்கள் வண்டியில் டீசல் கணக்குக்கு ஒரே ஒரு முறைதான். கிளம்பும்போது தெரு முனை பங்க்கில் டேங்கைத் ததும்பத் ததும்ப நிரப்ப வேண்டும். போய்த் திரும்பி வந்து, அதே பங்க்கில் மறுபடியும் ததும்ப நிரப்ப வேண்டும். இரண்டாவது தடவை எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் வண்டி குடித்தது. நடுவழியில் ஒரு சொட்டுகூடப் போடக்கூடாது. இது இவர் போட்ட சட்டம்.

பைப்பு மாட்டிய பிறகு முதல் ட்ரிப் முடிந்து நிரப்பியபோது டேங்க் வழக்கத்தை விட அதிகமாகக் குடித்தது. அடுத்த ட்ரிப்பில் அதைவிட அதிகம். நாலரை கொடுத்த வண்டி மூன்றரைக்கு இறங்கி நின்றது. டீசல் மிச்சமாகும் என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்ததால், இவர் மனதில் பைப்பு குற்றவாளிக் கூண்டில் ஏறவே இல்லை. வேறு யார் இருக்கிறார்கள் ஏறுவதற்கு?

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஒருநாள் சொன்னார். "உன் தம்பி டீசல் எடுக்கிறான்."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. "நாக்கை அடக்கிப் பேசுங்க. பச்சைத் தண்ணிகூட அடுத்தவன் வீட்டுல கேட்டுத்தான் குடிப்பான் அவன்."

"தானாடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க. நீ அப்படித்தான் பேசுவ. வேலியே பயிரை மேயுது, நான் பார்த்துட்டு இருக்கணுமா?"

"பைப்பைக் கழட்டிட்டுப் பாருங்களேன்."

"பைப்பு டீசல் குடிக்குமா? இரும்புக்கு வாய் இருக்கா? பேச்சைப் பாரு!" அப்புறம் குரலைத் தாழ்த்தினார். அவர் கத்தினால் எனக்குப் பயமில்லை, குரலைத் தாழ்த்தினால்தான் பயம். "இன்னும் ஒரே ஒரு ட்ரிப். அதுக்கப்புறமும் கணக்கு இடிச்சா, சங்கத்துல அவன் பேரைக் கொடுத்துடுவேன். மச்சானாவது, மண்ணாவது."

சங்கத்தில் பேர் கொடுப்பது என்றால் என்ன என்று லாரிக்காரன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டீசல் திருடன் என்று ஒருவன் பேர் விழுந்துவிட்டால் அதன் பிறகு எந்த ஓனரும் அவன் கையில் சாவி கொடுக்க மாட்டான். அவனுக்குத் தெரிந்தது இந்த ஒரு தொழில்தான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவான்?

"சரி, அந்த ட்ரிப்புல நான் கூடப் போறேன்" என்றேன். "என் கண்ணு முன்னால எப்படித் திருடுறான்னு பார்க்கிறேன்."

இவர் உடனே ஒத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

விடிந்ததும் கிளம்பினோம். டைல்ஸ் லோடு. மலைப்பாதை ஏறி இறங்கி, இறக்கிவிட்டு, மறுநாள் வேறு லோடோடு திரும்ப வேண்டும். இவர் பங்க்கில் நின்று, டேங்க் வாயில் டீசல் நுரை அடங்கும் வரை குனிந்து பார்த்து, மூடியைத் தன் கையாலேயே திருகினார். என் தம்பி ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் பலகை மேல் வெயில் கூசாமல் இருக்க ஒரு டவலைப் போட்டிருப்பான், அதை இழுத்துச் சரி செய்தான். முதல் கியர் போட்டான்.

பைப்பு போட்ட கூச்சலில் அரை மணி நேரத்தில் எனக்குத் தலை கிண்ணென்றது. பேசவேண்டும் என்றால் கத்த வேண்டும்.

"அக்கா!" என்று கத்தினான். "காவலுக்கா வந்திருக்க?"

"ஊர் சுத்திப் பார்க்க வந்தேன்டா!"

"நல்லாப் பாரு!"

சிரித்தான். ஆனால் அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. சின்ன வயதில் நான் கோபித்துக்கொண்டால் என் பின்னாலேயே வருகிறவன். இப்போது நேரே பார்த்துக்கொண்டு ஓட்டினான். உனக்காகத்தான்டா வந்தேன் என்று கத்திச் சொல்ல வாய் வரை வந்தது. அதைப் போய் எப்படிக் கத்திச் சொல்வது?

போகும்போது அவன் எங்கும் தப்பாக நிறுத்தவில்லை. நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டுகூடப் பார்த்தேன். லோடு இறக்கினோம், மறு லோடு ஏற்றினோம், திரும்பினோம். மலை இறங்கியதும் லாரிகள் நிற்கும் ஒரு பெரிய திடல். நல்ல வெயில். பக்கத்தில் ஒரு பங்க், எதிரில் ஒரு டீக்கடை.

"நீ போய் டீ குடி அக்கா. நான் டயரைத் தட்டிப் பார்த்துட்டு வர்றேன்."

போனேன். டீ கையில் வந்ததும் என்னவோ போல இருந்தது. டயர் தட்டுகிறவன் என்னை ஏன் அனுப்ப வேண்டும்? டம்ளரை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன். லாரியைச் சுற்றி அந்தப் பக்கம் போனால், டேங்க் மூடி திறந்திருக்கிறது. என் தம்பி கையில் கேன்.

"திருட்டு நாயே!" என்று பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன். கேன் ஆடி என் மேல் நாலு சொட்டு டீசல் தெறித்தது. "மாமா சொன்னப்போ அவர் வாயை அடைச்சேனே, பாவி! என் முகத்துல கரியைப் பூசிட்டியேடா!"

அவன் அசையவில்லை. "அக்கா. கேனைப் பாரு."

பார்த்தேன். கேன் காலி. கடைசிச் சொட்டு டேங்க் வாயில்தான் விழுந்துகொண்டிருந்தது. எடுக்கவில்லை. ஊற்றியிருக்கிறான்.

"என்னடா பண்ற?"

"என் பாட்டாவில வாங்கினேன்." பாட்டா என்றால் வழிச் சாப்பாட்டுக்கு என்று டிரைவருக்குக் கொடுப்பது. "போன ட்ரிப்லயும் ஊத்தினேன். ஊத்தியும் கணக்கு இடிக்குது. வண்டி எங்க குடிக்குதுன்னு சத்தியமா எனக்குத் தெரியலக்கா. மாமா என்னைத் திட்டினாப் பரவாயில்ல. வீட்டுல உன்னைத்தான் குத்திக் காட்டுவாரு. அதான்."

என் வாயில் சூடு போட வேண்டும். நாய் என்று சொன்ன வாய். வழியில் அவன் ஏன் ஒரு வேளைதான் சாப்பிட்டான் என்று அப்போதுதான் புரிந்தது. அழுகை வந்தது. அழுதால் பேச முடியாது என்று கோபத்தையே பிடித்துக்கொண்டேன், அதுதான் எனக்குக் கைவந்த கலை.

"அறிவு இருக்காடா உனக்கு? இந்த ட்ரிப்ல கணக்கு சரியா வந்தா அவர் என்ன சொல்வாரு தெரியுமா? அக்கா கூட இருந்தா வண்டி சரியா ஓடுது, இல்லாட்டி ஓடல, அப்போ திருடன் யாருன்னு கேட்பாரு! உன் கழுத்துக்கு நீயே சுருக்குப் போட்டுட்டு நிக்கிற!"

நல்லது செய்கிறேன் என்று இறங்குகிறவனுக்கு இதெல்லாம் எங்கே தோன்றப்போகிறது?

"இப்ப என்னக்கா பண்றது?"

"ஊத்தினதை எடு. உள்ளது உள்ளபடி இருக்கட்டும். அப்புறம் நான் பேசிக்கிறேன்."

"வேணாம்க்கா. யாராவது பார்த்தா..."

"நான் பக்கத்துல நிக்கிறேன்ல? எவன் என்ன சொல்வான்? மடியில கனமில்லாதவனுக்கு வழியில என்னடா பயம்?"

பழமொழி சொல்ல ஆளா இல்லை! அவன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். அக்கா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவன், டயருக்குக் காற்றடிக்கிறவனிடம் ஒரு ட்யூப் வாங்கி வந்தான். ஒரு முனையை டேங்கில் விட்டு, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினான். நான் கேனைப் பிடித்தேன். டீசல் கலகலவென்று கேனில் விழுந்தது.

பின்னால் ஒரு கார் வந்து நின்றது.

எங்கள் சங்கத்துப் பொருளாளர். அவருக்கு ரேடியோ என்று பேர். காலையில் அவர் காதில் விழுந்தது மதியத்துக்குள் எல்லார் காதிலும் விழுந்துவிடும். கார்க் கண்ணாடியை இறக்கினார். போனைத் தூக்கினார்.

"என்னம்மா, குடும்பமாவே இறங்கிட்டீங்களா?" என்று சிரித்தார்.

"அண்ணே, நில்லுங்க! நீங்க நினைக்கிற மாதிரி இல்ல..."

கார் போய்விட்டது. நான் கேனோடு நின்றேன், தம்பி வாயில் டீசலோடு நின்றான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேட்டிருக்கிறேன், நாங்கள் குரங்கைத்தான் பிடித்தே வைத்திருந்தோம்.

வண்டியில் ஏறி உட்காருவதற்குள் என் போன் அடித்தது. இவர்.

"சங்கத்து குரூப்ல போட்டோ வந்திருக்கு" என்றார். கத்தவில்லை. "உன் தம்பி வாயில ட்யூப்பு. உன் கையில கேன்."

"ஏங்க, நான் சொல்றதைக் கேளுங்க..."

"வண்டியைக் கொண்டுவந்து பங்க்ல நிறுத்துங்க." வைத்துவிட்டார்.

என் தம்பி மீட்டர் மேல் கிடந்த டவலை எடுத்து வாயைத் துடைத்தான், முகத்தைத் துடைத்தான், மடியிலேயே போட்டுக்கொண்டான். வண்டி கிளம்பியது. சாலையில் ஒரு சின்ன ஏற்றம். பைப்பு கதறியது. எதையாவது பார்க்க வேண்டுமே என்று மீட்டரைப் பார்த்தேன். அதில் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டும் வட்டத்தில் பச்சைக் கோடு உண்டு. வண்டி வாங்கிய புதிதில் என்னை முன்னால் உட்கார வைத்து இவர் ஆசையாகக் காட்டினார், முள் இந்தப் பச்சைக்குள்ளே நின்றால் எஞ்சின் அளவாகக் குடிக்கும் என்று. இப்போது முள் பச்சையைத் தாண்டி எங்கேயோ நின்றது.

"டேய், முள்ளு ஏன் அங்க நிக்குது?"

"எந்த முள்ளு?"

"இதுடா! பச்சைக்கு வெளியில!"

எட்டிப் பார்த்தான். "நான் முள்ளைப் பார்த்தா ஓட்டுறேன்? காதாலதான்க்கா ஓட்டுறேன். எஞ்சினுக்குக் காத்து ஊதுற டர்போ இருக்குல்ல, எஞ்சின் அதிகமாச் சுத்தினா அது விசில் மாதிரி கூவும். அது கேட்டா கியர் மாத்திக் காலைத் தளர்த்துவேன்."

"இப்போ கூவுதா?"

காதைத் தீட்டினான். பைப்பின் கூச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. மறுபடியும் முள்ளைப் பார்த்தான். சட்டென்று கியரை மாற்றினான். முள் இறங்கிப் பச்சைக்குள் வந்து உட்கார்ந்தது. வண்டி அதே வேகத்தில், ஆனால் இழைந்து ஓடியது.

"அட ஆண்டவனே" என்றான். "இத்தனை நாளா நான்தான் அதை மிதிச்சு மிதிச்சுக் குடிக்க வெச்சிருக்கேன்."

"நீ இல்லடா. அந்தப் பைப்பு உன் காதை அடைச்சிருக்கு."

திருடன் என்று சொன்னபோது கலங்காதவன் கண் இப்போது கலங்கியது. ஓட்டத் தெரியாதவன் ஆகிவிட்டோமே என்றுதான். எனக்குத் தெரியும், ஒரு டிரைவருக்கு அது அதைவிடப் பெரிய அடி.

பங்க்கில் இவர் நின்றிருந்தார். பக்கத்தில் ரேடியோ, இன்னும் இரண்டு ஓனர்கள். டேங்க் நிரம்ப நிரம்ப பம்பின் எண்கள் ஓடின. பாதி வழிக்கு மேல் பழைய மாதிரியே ஓடியாகிவிட்டதே, கணக்கு மூன்றரையைத் தாண்டவில்லை.

"பைப்புச் சத்தத்துல டர்போ கேட்கலங்க, முள்ளு பச்சையில..." என்று ஆரம்பித்தேன்.

"நல்லா யோசிச்சு வெச்சிருக்கீங்க வழியெல்லாம்" என்றார் ரேடியோ.

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. மச்சான் என்று கூப்பிடும் வாயால், "ஏன்டா, என் உப்பைத் தின்னுட்டு..." என்று தொடங்கினார். என் தம்பி அதை முடிக்க விடவில்லை. சாவியை வண்டியின் படியில் வைத்தான். வைத்துவிட்டு நடந்தே போனான். ஒருவரும் தடுக்கவில்லை.

நான் அங்கேயே நின்றேன். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தேன். கலைந்தது.

"இப்போ நீங்க ஓட்டுங்க" என்றேன்.

"என்னது?"

"இப்பதானே உங்க கண்ணு முன்னால டேங்க் நிறைஞ்சுது? இந்த லோடை இறக்கிட்டு, நாளைக்கு அதே டைல்ஸ், அதே மலை. நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உட்காருறேன். நானும் திருடிதானே, என் கையைக் கட்டிப் போட்டுக்கூடக் கூட்டிட்டுப் போங்க. நாலரை கொடுத்துட்டா, நானே சங்கத்துல வந்து என் தம்பி பேரைச் சொல்றேன்."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

"ஆமா. ஓட்டுவீங்களா, மாட்டீங்களா?"

மாட்டேன் என்றால் ஓட்டத் தெரியாது என்று நான் சொல்வேன். அது அவருக்குத் தெரியும். ஓட்டினார்.

என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. மீட்டர் மேல் இப்போது டவல் இல்லை. முள் அவர் மூக்குக்கு நேரே நின்றது. அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவரும் காதால் ஓட்டுகிறவர்தான், டிரைவராக இருந்து ஓனர் ஆனவர். மலை ஏறும்போது பைப்பு பாறையில் எதிரொலித்து உறுமியது, அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை, இன்னும் ஒரு மிதி மிதித்தார். முள் பச்சையை விட்டு ஓடியது. சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவர் சரியாக ஓட்டிவிடுவார், என் தம்பி திருடனாகிவிடுவான். புறங்கையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தோம். பங்க்கில் அவரே பம்பைப் பிடித்தார், யாரையும் தொட விடவில்லை. எண்கள் ஓடின. பழைய இடத்தைத் தாண்டின. என் தம்பி ஓட்டியபோது நின்ற இடத்தையும் தாண்டின. அவர் நிறுத்தி, டேங்கின் அடியில் குனிந்து ஒழுகுகிறதா என்று பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. மறுபடி பிடித்தார். இன்னும் குடித்தது. மூன்றரைகூட வரவில்லை.

"எங்க நிறுத்தி எடுத்தீங்க?" என்று கேட்டேன். "நான் பக்கத்துலயேதான் இருந்தேன், கண்ணுல படலையே."

அவர் பம்பைத் திரும்ப மாட்டினார். கையைப் பிடித்து இழுத்துப் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தேன். ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மிதிக்கச் சொன்னேன். முள்ளைக் காட்டினேன். முள் பச்சையைத் தாண்டியபோது, "இப்போ விசில் கேட்குதா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் வண்டியை அணைத்தார். தம்பி தன் பாட்டாவில் டீசல் வாங்கி ஊற்றியதையும், அதைத்தான் நாங்கள் திரும்ப எடுத்தோம் என்பதையும் அப்போது சொன்னேன்.

"சரி" என்றார். "அவனை நாளைக்கு வரச் சொல்லு."

அவ்வளவுதான். வரச் சொல்லு! கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கி வரச் சொல்வது போல!

"அந்த போட்டோ?"

"நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"உங்களுக்கு மறந்துடும். அவனுக்கு? நாளைக்கே உங்களுக்கும் அவனுக்கும் ஆகலேன்னா, டீசல் திருடன்னு பேரு வாங்கினவன் எந்த வாசல்ல போய் நிப்பான்?"

"குரூப்ல என்னத்தைச் சொல்றது? நான் ஆசைப்பட்டு மாட்டின பைப்பு, எனக்கே காது கேட்கலைன்னா? மானம் போயிடும்டி."

"போகட்டும்! அவன் மானத்தை உங்க கையாலதானே வாங்கினீங்க, உங்க மானத்தைக் கொடுத்துட்டுத் திருப்பி வாங்குங்க. இல்லாட்டி நான் இந்த வண்டியை விட்டு இறங்கி என் தம்பி வீட்டுக்குத்தான் போவேன். உங்க வீட்டுல திருடியோட எதுக்குக் குடித்தனம்?"

நான் அழுதுகொண்டே சொன்னேன், ஆனால் சொன்னதைச் செய்திருப்பேன். அது அவருக்குப் புரிந்தது. போனை எடுத்தார். குரூப்பில் குரலைப் பதிவு செய்ய அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார்.

"எல்லாருக்கும் வணக்கம். அந்த போட்டோவுல இருக்கிறது என் மச்சானும் என் சம்சாரமும். அவங்க எடுத்தது அவன் சொந்தக் காசுல ஊத்தின டீசல். வண்டி குடிச்சதுக்குக் காரணம் நான் மாட்டின பைப்பு. நானே ஓட்டிப் பார்த்தேன், என் காதே கேட்கல. அவனைத் திருடன்னு சொன்னது என் தப்பு." ஒரு மூச்சு. "தப்பு."

அனுப்பிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போடக்கூட முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா?

அன்று சாயங்காலமே ஷெட்டில் பைப்பு இறங்கியது, கம்பெனி சைலன்சர் ஏறியது. மறுநாள் மதியம் என் தம்பி வீட்டுக்கு வந்தான். இவர்தான் போய்க் கூட்டி வந்தார், நான் சொல்லாமலே. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாவியை எடுத்து நீட்டினார்.

"மச்சான், மனசுல வெச்சுக்காதே. நீதான் ஓட்டணும்."

என் தம்பி சாவியை வாங்கவில்லை. கோபமாகவும் இல்லை. "குரூப்ல நீங்க பேசினதை நாலு பேர் எனக்கு அனுப்பினாங்க மாமா. அவ்ளோ பேர் முன்னால நீங்க அப்படிப் பேசினது பெரிய விஷயம். நான் மறக்க மாட்டேன். காலையிலயே ரேடியோ அண்ணன் கூப்பிட்டுத் தன் வண்டியை ஓட்ட வர்றியான்னு கேட்டாரு. சரின்னுட்டேன்."

"ரேடியோவா? அவன்தானேடா போட்டோ எடுத்தான்!"

"அவர் யாரோ எவரோ மாமா. பார்த்ததை எடுத்தாரு."

"ஏன்டா, அதான் எல்லாம் சரியாயிடுச்சே" என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இன்னும் என்னடா?"

"உங்க வீட்டுக்கு எப்ப வேணா வருவேன்க்கா. வண்டிக்கு வேண்டாம்." அவன் இவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "மாமா சந்தேகப்பட்டது எனக்குப் பெருசா தெரியல. வண்டி அவரோடது, அவர் கேட்பாரு. அன்னிக்குக் காலையில நீ வந்து பக்கத்துல ஏறி உட்கார்ந்த பாரு, அப்பவே நான் இறங்கிட்டேன்."

உனக்காகத்தான் ஏறினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு அவனைப் பார்த்தவளும் நான்தானே? வாய் மூடிக்கொண்டது.

அவன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "பசிக்குதுக்கா, சோத்தைப் போடு" என்றான். போட்டேன்.